பழைய மஹிந்திரா ஜீப்புக்கு நாமளே வயரிங் மாத்துறது: ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

எம்எம் 540, சிஜே 500, கமாண்டர், மேஜர்னு பழைய மஹிந்திரா ஜீப் வச்சிருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் புகார் ஒண்ணு தான். ஹெட்லைட் மங்கலா எரியுது, மழை பெஞ்சா இண்டிகேட்டர் படுத்துடுது, காலைல செல்ஃப் எடுக்கல, ஹாரன் அடிச்சா டேஷ்போர்டு லைட் அணையுது. டீசல் இன்ஜின் ஒருதடவ ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா ஓடுறதுக்கு கரண்ட் பெருசா தேவையே இல்ல, அதனால வயரிங் எவ்வளவு கெட்டுப்போனாலும் வண்டி பாட்டுக்கு ஓடும், ஓடுற வண்டியில யாரும் வயரை முழுசா பாக்க மாட்டாங்க. ஏதாவது ஒண்ணு எரியலன்னா பக்கத்துல போற வயரை சீவி ஒரு ஜாயிண்ட் போட்டு கருப்பு டேப் சுத்தி அனுப்பிடுவாங்க. முப்பது வருஷம் இப்படியே போனா டேஷ்போர்டுக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இந்த வேலைய மெக்கானிக் படிப்பு படிக்காதவங்களும் நல்லா செய்யலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. கடையில வேலை செய்யுறவருக்கு அடுத்த வண்டி வெளிய நிக்குது, அவருக்கு நேரம் கிடையாது. நமக்கு நேரம் இருக்கு, ஒவ்வொரு வயரா பொறுமையா தேடிப் பாக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், மொத்த வயரிங்கையும் ஒரே நாள்ல பிச்சு வெளிய போட்டுட்டு புதுசு இழுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அப்படி ஆரம்பிச்ச ஜீப்புங்க நிறைய ஷெட்லயே பாதியில நிக்குது. ஒரு சர்க்யூட்ட எடுங்க, அதை முடிங்க, வண்டிய ஓட்டிப் பாருங்க, அப்புறம் அடுத்தது. இந்த முழு வழிகாட்டியும் அந்த வரிசையில தான் போகுது.

வயரைத் தொடுறதுக்கு முன்னாடி

இன்ஜின் மவுண்ட் ரப்பர் பாருங்க. அது செத்துப்போயிருந்தா இன்ஜின் ஆடுற ஆட்டத்துல புது வயரும் இழுபட்டு லக் (வயர் முனையில போல்ட்ல மாட்டுற உலோக வளையம்) கிட்ட ஒடஞ்சிடும். ராக்கர் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங்ல ஆயில் ஒழுகினா முதல்ல அதை மாத்துங்க, ஆயில் பட்டா வயர் மேல இருக்கிற பிவிசியும் டேப் பசையும் சீக்கிரம் ஊறிப்போயிடும். பேட்டரி ட்ரே துருப்பிடிச்சு ஓட்டையா இருந்தா வெல்டிங் அடிச்சுக்கோங்க. வெல்டிங்னு சொன்னதும் இதையும் சேர்த்து சொல்லிடணும்: பேட்டரி ரெண்டு டெர்மினலையும், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) வயரையும் கழட்டிட்டு தான் பாடியில வெல்டிங் அடிக்கணும், இல்லன்னா ஆல்டர்னேட்டர் உள்ள இருக்கிற டயோடு போயிடும். பெயிண்ட் அடிக்கிற திட்டம் இருந்தா அதையும் வயரிங்குக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

பேட்டரி கழட்டும்போது எப்பவும் மைனஸ் தான் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியா. பிளஸ்ஸ முதல்ல கழட்டினா ஸ்பேனர் பாடியில பட்ட உடனே நேரடி ஷார்ட், தீப்பொறி பறக்கும், பேட்டரி மேல ஹைட்ரஜன் வாயு நின்னுட்டு இருந்தா வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு வேலைக்கு இறங்குங்க.

வாங்க வேண்டியது

மல்டிமீட்டர் கண்டிப்பா வேணும், ரொம்ப விலை கூடினது தேவையில்ல, டிசி வோல்ட், ஓம்ஸ், பீப் சத்தம் வர்ற கண்டினியூட்டி இருந்தா போதும். சென்னையில ரிச்சி தெருவுல எடுக்கலாம். ஜீப் பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை, ஜிபி ரோடு, கோவைன்னா உக்கடம். 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒண்ணு, 21 வாட்ஸ் பல்பு ஹோல்டரோட ஒண்ணு (இது எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்), நல்ல கிரிம்பிங் டூல் (வயர் மேல லக்க அழுத்திப் பிடிக்க வைக்கிறது), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கி வயரை இறுக்கிக்கிற குழாய்), ரப்பர் குரோமெட் (தகடு ஓட்டையில வயர் உரசாம போடுற வளையம்), நெளிவு பிளாஸ்டிக் பைப், கேபிள் டை, பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் ஒண்ணு, 30 இல்லன்னா 40 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) நாலு.

வயர் விஷயத்துல மட்டும் காசு பாக்காதீங்க. வீட்டுக்கு இழுக்கிற ஒத்தை கம்பி வயர் வண்டிக்கு ஆகவே ஆகாது, அதிர்வுல ஒடஞ்சிடும். நிறைய மெல்லிய இழை இருக்கிற ஆட்டோ வயர் தான் வேணும், அதோட தோலும் சூட்டையும் ஆயிலையும் தாங்கும். இப்போ மார்க்கெட்டுல அலுமினியம் மேல செம்பு பூசின வயர் நிறைய சுத்துது, பாக்க அச்சு அசல் செம்பு மாதிரியே இருக்கும். ஒரு இழைய எடுத்து பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. செம்புன்னா எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம் தான் வரும்.

படி 1: அளந்து பாருங்க, எழுதி வைங்க

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இப்போ என்ன நிலைமைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.2 காட்டுனா பாதி தான் இருக்கு, 12க்கு கீழ போனா முதல்ல சார்ஜ் போட்டுட்டு அப்புறம் பேசலாம். ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு பேட்டரி டெர்மினல்ல மீட்டர் வைங்க, 10 வோல்ட்டுக்கு மேல நின்னா நல்லது, 9.5க்கு கீழ போனா பேட்டரி வீக்கா இருக்கலாம் இல்ல செல்ஃப் மோட்டார் கரண்ட்ட அதிகமா இழுக்கலாம். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ரேஸ் குடுத்து பாருங்க, 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வந்தா சார்ஜிங் சரி. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்திடும், பல்பும் அடிக்கடி போகும்.

அடுத்தது தான் நிறைய பேர் செய்யாத டெஸ்ட். ஹெட்லைட்ட போட்டு, இன்ஜின ஓட விட்டு, ஹெட்லைட் ஹோல்டர் பின்னாடி இருக்கிற பின்ல வோல்ட் அளங்க. பேட்டரில 13.5 இருந்து லைட்டுகிட்ட 11.5 தான் வருதுன்னா, நடுவுல 2 வோல்ட்ட வயரும் சுவிட்சும் ஜாயிண்ட்டும் தின்னுடுச்சு. ஃபிலமெண்ட் பல்புல வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். அந்த 2 வோல்ட் போனதுல உங்க வெளிச்சத்துல பாதிக்கு பக்கமா காணாமப் போயிடுது. இது தெரியாம தான் 100/90 வாட்ஸ் பல்பு வாங்கிப் போடுறாங்க, அது இன்னும் கரண்ட் இழுத்து ஹோல்டரையே உருக்கிடும், எதுக்க வர்றவங்க கண்ணும் கூசும். 60/55 பல்புக்கே முழு வோல்ட் போச்சுன்னா குறிஞ்சி பூக்குற மலை ரோட்டுல கூட ராத்திரி தாராளமா ஓட்டலாம்.

படி 2: எர்த்

எல்லாத்தையும் விட இந்தப் பகுதிக்கு அதிக நேரம் குடுங்க. புது வயர் ஒண்ணுகூட இழுக்காம எர்த்த மட்டும் சரி பண்ணினாலே பாதி ஜீப்புங்களுக்கு பாதி புகார் தீர்ந்துடும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

காரணம் சுலபம். பிளஸ் வயர் வழியா போற கரண்ட் அத்தனையும் திரும்பி பேட்டரி மைனஸுக்கு வந்தாகணும். ஜீப்ல இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, பாடியும் சேஸிஸ் மேல ரப்பர் வாஷர் வச்சு போல்ட் பண்ணியிருக்கு, ரப்பர் வழியா கரண்ட் போகாது. அதனால பேட்டரி, இன்ஜின், சேஸிஸ், பாடி நாலையும் தனித்தனி ஸ்ட்ராப் போட்டு கட்டாயம் இணைக்கணும். இன்ஜின் எர்த் இல்லன்னா செல்ஃப் அடிக்கும்போது சில நூறு ஆம்பியர் எங்க வழி கிடைக்குதோ அங்க போகும், ஆக்சிலேட்டர் கேபிள், சோக் மாதிரி இழுக்கிற ஸ்டாப் கேபிள், கியர் லிவர், எதுவா இருந்தாலும். கேபிள் சூடாகி உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிச்சுன்னா காரணம் பெரும்பாலும் இதான்.

பழைய எர்த் போல்ட்ட ஒருதடவ கழட்டி கையில வச்சு பாருங்க. வெளிய இருந்து பாத்தா டைட்டா, நல்லா தான் இருக்கும். கழட்டினா லக்குக்கு அடியில பெயிண்ட், அதுக்கு அடியில பழுப்புத் துரு, லக் ஓட்டைய சுத்தி ஒரு மெல்லிய வளையம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கும். அந்த வளையம் வழியா மட்டும் தான் இவ்வளவு நாளா கரண்ட் போயிட்டு இருந்திருக்கு. லக்க எமரி ஷீட்டால தேய்ங்க, சேஸிஸ்ல லக் உக்கார்ற இடத்துல பெயிண்ட்ட சுரண்டி இரும்பு மினுங்குற வரைக்கும் கொண்டு வாங்க, பல்லு வாஷர் ஒண்ணு வச்சு டைட் பண்ணுங்க, அதுக்கு மேல தான் வாஸ்லினோ கிரீஸோ தடவணும். முதல்லயே தடவிட்டு மாட்டாதீங்க.

பேட்டரில இருந்து இன்ஜின் பிளாக்குக்கு, முடிஞ்சா செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கே, தடியா ஒரு கேபிள். பிளாக்ல இருந்து சேஸிஸுக்கு பின்னல் ஸ்ட்ராப் ஒண்ணு. சேஸிஸ்ல இருந்து பாடிக்கு ஒண்ணு. முன்னாடி கிரில் பக்கம் ஹெட்லைட்டுக்குன்னு தனியா ஒரு எர்த் பாயிண்ட், பின்னாடி டெயில் லாம்புக்குன்னு தனியா ஒண்ணு, ரெண்டுக்கும் சேஸிஸ் வரைக்கும் வயரே இழுத்துடுங்க, பாடி தகடை நம்பாதீங்க, ஜீப் பாடி தகடு ஜாயிண்ட் எல்லாம் துரு.

முடிஞ்சதும் சோதனை. ஸ்டாப் கேபிள இழுத்துப் பிடிச்சுட்டு (டீசல நிறுத்த கரண்ட்டுல இயங்குற சோலினாய்டு இருக்கிற பம்ப்னா அதோட வயரைக் கழட்டிட்டு) செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ் கட்டையில, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல. 0.3 வோல்ட்டுக்கு உள்ள இருந்தா அருமை. 1 வோல்ட் காட்டினா எங்கயோ இன்னும் அழுக்கு இருக்கு, ஒவ்வொரு ஜாயிண்ட்டா நகர்ந்து வந்து தேடுங்க. அஞ்சு செகண்டுக்கு மேல தொடர்ந்து அடிக்காதீங்க, மோட்டார் சூடாகிடும்.

படி 3: வரைபடம்

கம்பெனி வயரிங் டயக்ராம் கிடைச்சா நல்லது தான், ஆனா இத்தனை வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கும், உங்க வண்டியில இருக்கிறது அந்த டயக்ராமா இருக்காது. வயர் நிறத்த வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. டேஷ்போர்டுக்கு முன்னாடி சிவப்பா போன வயர் பின்னாடி வந்ததும் மஞ்சளா மாறியிருக்கும், நடுவுல கையில எது கிடைச்சுதோ அதை ஒட்டியிருப்பாங்க.

பெரிய சார்ட் பேப்பர்ல வண்டிய மேல இருந்து பாக்குற மாதிரி வரைஞ்சுக்கோங்க. பேட்டரி, செல்ஃப், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ், லைட் சுவிட்ச், எல்லாத்துக்கும் ஒரு கட்டம். அப்புறம் ஒரு வயரை எடுங்க, பேட்டரி கழட்டியிருக்கணும், ரெண்டு முனையிலயும் மீட்டர் வச்சு பீப் சத்தம் வருதான்னு பாத்து பேப்பர்ல கோடு போடுங்க. வயர் முனையில மாஸ்கிங் டேப் சுத்தி பேனாவால பேரு எழுதுங்க, எண் எழுதாதீங்க, ஒரு மாசம் கழிச்சு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு தேட வேண்டியிருக்கும், "வலது டெயில், பிரேக்"னு எழுதினா அப்பவும் புரியும். சுவிட்ச் பின்னாடி கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு மூணு கோணத்துல போட்டோ எடுத்துக்கோங்க.

இது ஒரு முழு ஞாயித்துக்கிழமைய சாப்பிடும், சில வண்டிக்கு அதுக்கு மேலயும் ஆகும். ஆனா இந்த பேப்பர் தான் வேலையோட உயிர். யார் என்ன ஒட்டினாங்கன்னு தெரியும்போது பாதி பழுது அங்கயே கண்ணுல படும்: ஹாரனும் ஸ்டீரியோவும் ஒரே வயர்ல, ஃபாக் லாம்ப் ஃபியூஸே இல்லாம நேரா பேட்டரில, எங்கயுமே போய்ச் சேராத வயர் மட்டும் ஒரு கொத்து.

படி 4: எந்த வயர், எந்த ஃபியூஸ்

கணக்கு ரொம்ப சின்னது. வாட்ஸ வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். 60 வாட்ஸ் பல்புக்கு 5 ஆம்பியர், ரெண்டு ஹெட்லைட்டுக்கு 10. செம்பு வயர் 1 சதுர மில்லிமீட்டர்ல ஒரு மீட்டருக்கு சுமார் 0.0175 ஓம். அதனால 1 ஸ்கொயர் வயர்ல 5 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் போனா 0.87 வோல்ட் வயர்லயே போயிடும், அதே 2.5 ஸ்கொயர்னா 0.35 தான். வயரோட தடிமன முடிவு பண்றது வயர் எரியுமா எரியாதாங்கிற கேள்வி மட்டும் இல்ல, கடைசியில எத்தனை வோல்ட் போய்ச் சேருதுங்கிறது தான்.

நான் சொல்ற அளவு இது: செல்ஃபுக்கு 35 ஸ்கொயர், பேட்டரி தூரத்துல இருந்தா 50. ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்கு 10. ஃபியூஸ் பாக்ஸுக்குப் போற மெயின் வயர் 6. ஹீட்டர் பிளக்குக்கு (குளிர்ல ஸ்டார்ட் ஆக இன்ஜின் உள்ள சூடு பண்ற பிளக்) 6 இல்லன்னா 10. ஹெட்லைட் ரிலேல இருந்து லைட்டுக்கு 2.5. ஹாரன், வைப்பர் 1.5. பிரேக் லைட், இண்டிகேட்டர் 1. பார்க் லைட், மீட்டர், டேஷ் பல்புக்கு 0.75 போதும், ஆனா அதை விட மெல்லிசா போகாதீங்க, கரண்ட்டுக்கு தாங்கினாலும் இழுவைக்கு தாங்காது.

ஃபியூஸ் இருக்கிறது வயரைக் காப்பாத்த. 1 ஸ்கொயர் வயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டா ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் நிக்கும், வயர் எரியும், கூடவே வண்டியும். ஃபியூஸ் எப்பவும் பேட்டரி பக்கத்து முனையில இருக்கணும், லைட்டு பக்கத்துல வச்சா நடுவுல எங்க வயர் பாடியில உரசினாலும் அதை யாரும் தடுக்க மாட்டாங்க. பிளேடு ஃபியூஸ் நிறம் மனப்பாடம் ஆயிடும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. இடது ஹெட்லைட்டுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா 10 ஆம்பியர் போடுங்க. மலை வளைவுல ரெண்டு லைட்டும் ஒண்ணா அணையிறத கற்பனை பண்ணிப் பாத்தீங்கன்னா இந்த ஒரு கூடுதல் ஃபியூஸ் எதுக்குன்னு கேக்க மாட்டீங்க.

படி 5: ஒவ்வொண்ணா மாத்துறது

முதல்ல மெயின். பேட்டரி பிளஸ்ல இருந்து செல்ஃபுக்கு தடி கேபிள். அதே பேட்டரி பிளஸ் பக்கத்துல ஒரு 60 ஆம்பியர் பெரிய ஃபியூஸ், அதுல இருந்து ஃபியூஸ் பாக்ஸுக்கு. ஆல்டர்னேட்டர் வயருக்கும் அதோட அளவுக்கு ஏத்த பெரிய ஃபியூஸ் பேட்டரி பக்கம் ஒண்ணு. ஃபியூஸ் பாக்ஸ ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) எவ்வளவு மேல வைக்க முடியுமோ அவ்வளவு மேல வைங்க, இது ஆத்துல இறங்குற வண்டி, பம்பர் உயரத்துக்கு தண்ணி வந்தாலும் ரிலேயும் ஃபியூஸும் நனையக்கூடாது. ரிலேய மாட்டும்போது பின்னு கீழ பாக்குற மாதிரி மாட்டுங்க, தண்ணி உள்ள தேங்காது.

சார்ஜிங் லைட் பல்ப மறந்துடாதீங்க. டேஷ்போர்டுல எரியிற அந்த சின்ன சிவப்பு பல்பு வழியா வர்ற கரண்ட் தான் ஆல்டர்னேட்டர எழுப்பி விடுது. பல்பு ஃபியூஸ் போயிருந்தா, இல்ல அழகுக்குன்னு எல்இடி மாத்தியிருந்தா, இன்ஜின நல்லா ரேஸ் பண்ற வரைக்கும் சார்ஜே ஏறாம போகலாம். 2 அல்லது 3 வாட்ஸ் சாதா பல்பே இருக்கட்டும்.

ரெண்டாவது ஹீட்டர். இது எல்லா ஜீப்புக்கும் வராது. எக்ஸ்டிபி மாதிரி பியூஜோ வழி வந்த இன்ஜின்ல தான் ஹீட்டர் பிளக் உண்டு, எம்டிஐ இன்ஜின் நேரடி இன்ஜெக்‌ஷன், அதுக்கு தேவைப்படாது. நாலு பிளக்கும் சேர்ந்து ஆரம்பத்துல 40 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதை சாவி சுவிட்ச் வழியா அனுப்பினா சுவிட்ச் கருகிடும். 70 ஆம்பியர் ரிலே போடுங்க. குளிர்ல ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல ஒவ்வொரு பிளக்கையும் இணைப்புக் கம்பிய கழட்டிட்டு ஓம்ஸ்ல பாருங்க, நல்ல பிளக் 1 ஓம் பக்கத்துல இல்ல அதுக்கும் கீழ காட்டும், செத்தது எதுவுமே காட்டாது.

மூணாவது ஹெட்லைட், உழைச்சதுக்கு கண்ணு முன்னாடி பலன் தெரியிற இடம். பழைய வயரிங்ல 10 ஆம்பியரும் பேட்டரில இருந்து சாவி, லைட் சுவிட்ச், டிம்மர்னு சுத்திட்டு தான் லைட்டுக்கு வரும். ரொம்ப பழைய மாடல்ல கால்ல மிதிக்கிற டிம்மர் ஃப்ளோர்லயே இருக்கும், அதுல சேறும் தண்ணியும் போகாத நாளே இல்ல. ரிலே போட்டா அந்த சுவிட்ச் வழியா 0.2 ஆம்பியர் கூட போகாது, கனமான கரண்ட் பேட்டரில இருந்து நேரா லைட்டுக்கு போயிடும். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே. ரிலே பின் 30க்கு மெயின் ஃபியூஸ் வழியா பேட்டரி பிளஸ், 85க்கு எர்த், 86க்கு பழைய ஹெட்லைட் வயர், 87ல இருந்து இடது வலது ஃபியூஸ் வழியா லைட்டுக்கு. அஞ்சு பின் ரிலேன்னா நடுவுல இருக்கிற 87ஏவ சும்மா விட்டுடுங்க. முடிச்சுட்டு படி 1ல அளந்த அதே இடத்துல திரும்ப அளங்க, பேட்டரி வோல்ட்டுக்கும் லைட் வோல்ட்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. அன்னைக்கு ராத்திரியே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

அதுக்கப்புறம் பின்பக்கம்: டெயில், பிரேக், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் லைட், டீசல் ஃப்ளோட் (டேங்க்ல டீசல் அளவ காட்டுறது). அஞ்சாறு வயர ஒண்ணா கட்டி சேஸிஸோட உள்பக்கமா, சைலன்சர் போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா கொண்டு போங்க. ஹாரன், வைப்பர், மீட்டர் எல்லாம் கடைசியா. ஹாரனுக்கு கண்டிப்பா ரிலே, ஸ்டியரிங் பட்டன் சின்ன காண்டாக்ட், அது தாங்காது.

ஜாயிண்ட்டும் வழியும்

நடுவுல ஜாயிண்ட் போடாம முழு நீளமா இழுக்கிறது தான் எப்பவும் நல்லது. ஜாயிண்ட் தவிர்க்க முடியலன்னா கிரிம்ப் பண்ணி பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. வெறும் முறுக்கி டேப் சுத்துற வேலை இனிமே இந்த வண்டியில வேண்டாம், பழைய ஜாயிண்ட் ஒண்ண பிரிச்சுப் பாருங்க, டேப் கோந்து மாதிரி கையில ஒட்டும், உள்ள செம்பு பச்சையும் கருப்புமா பூத்து, பாதி இழை தொட்டதும் உதிரும். ஈயம் பத்த வைக்கிறவங்களும் இருக்காங்க, தப்பில்ல, ஆனா ஈயம் ஏறின இடத்துல வயர் கெட்டியாயிடும், அந்த கெட்டி முடியிற ஓரத்துல தான் அதிர்வுல ஒடையும், அதனால ரெண்டு பக்கமும் வயர் ஆடாத மாதிரி கட்டிடணும். கிரிம்ப் பண்ணின ஒவ்வொரு லக்கையும் கையால நல்லா இழுத்துப் பாருங்க, கழண்டு வந்தா இங்கயே வந்துடட்டும், போடிமெட்டு ஏத்தத்துல வர வேண்டாம்.

பழைய வயரை எங்கயாவது மிச்சம் வைக்கிறதா இருந்தா முனைய சீவிப் பாருங்க. செம்பு கருப்பா இருந்தா இன்னும் ஒரு இஞ்ச் வெட்டுங்க, அங்கயும் கருப்பா இருந்தா தண்ணி உள்ள ஏறியிருக்கு, முழுசா தூக்கிப் போடுங்க.

தகடுல ஓட்டை வழியா போற ஒவ்வொரு இடத்துலயும் ரப்பர் குரோமெட். ஸ்டியரிங் காலம் கிட்டயும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுலயும் கொஞ்சம் தொய்வு விடுங்க. லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போதும் வீல் முழுசா திரும்பும்போதும் வயர் எங்கயாவது மாட்டுதான்னு ஜாக்கி வச்சு தூக்கிப் பாத்துடுங்க, ஃபோர் வீல் ஓட்டுற இடத்துல ஆக்சில் போற தூரம் சாதா ரோட்டுல தெரியவே தெரியாது.

முதல் தடவ கரண்ட் குடுக்கும்போது

இப்போ அந்த 21 வாட்ஸ் பல்பு. பேட்டரி மைனஸ் கட்டைக்கும் கழட்டி வச்சிருக்கிற எர்த் கேபிளுக்கும் நடுவுல அந்த பல்ப மாட்டுங்க. எல்லா சுவிட்சும் ஆஃப்ல இருக்கும்போது பல்பு எரியவே கூடாது. முழுசா பளிச்சுன்னு எரிஞ்சா எங்கயோ நேரடி ஷார்ட் இருக்கு, ஆனா வயரும் எரியல ஃபியூஸும் போகல, பல்பு எல்லாத்தையும் தாங்கிக்குச்சு. ஃபியூஸ ஒவ்வொண்ணா உருவுங்க, எதை உருவினா பல்பு அணையுதோ அந்த சர்க்யூட்ல தான் பிரச்சனை. எந்த ஃபியூஸ உருவியும் அணையலன்னா ஃபியூஸ் பாக்ஸுக்கு முன்னாடி, செல்ஃப், ஆல்டர்னேட்டர் பக்கம் தேடுங்க. பல்பு மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது. எல்லாம் சரியா இருந்தா பல்ப எடுத்துட்டு கேபிள நேரா மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸா போட்டு அந்தந்த சுவிட்ச போட்டுப் பாருங்க. பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது "சார்ஜ் ஏறுதா பாக்குறேன்"னு பேட்டரி டெர்மினல கழட்டுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த நிமிஷத்துல எகிறுற வோல்ட்டுல ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும்.

அப்புறமும் சரியா வரலன்னா

பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது, இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட் துடிக்குது: அந்த லாம்போட எர்த் போச்சு, கரண்ட் பக்கத்து ஃபிலமெண்ட் வழியா வீடு தேடுது. இண்டிகேட்டர் வேகமா அடிக்குது: அந்த பக்கம் ஒரு பல்பு எரியல, இல்ல எல்இடி போட்டிருக்கீங்க, பழைய ஃபிளாஷர் 21 வாட்ஸ் லோடு இல்லாம ஒழுங்கா அடிக்காது, எல்இடிக்கான ஃபிளாஷர் மாத்துங்க. டீசல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி இறங்குது: சென்சர மாத்தாதீங்க, மீட்டர் பேனலோட எர்த்தையும் அதுக்கு வர்ற வோல்ட்டையும் பாருங்க. செல்ஃப் "டிக்" சத்தம் மட்டும் வருது: பேட்டரி நல்லா இருந்தா செல்ஃப் மோட்டாரோட சோலினாய்டு காண்டாக்ட் இல்லன்னா கார்பன் பிரஷ் போயிருக்கும்.

செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் ரெண்டையும் உள்ள பிரிக்கிற வேலை வீட்டுல வேண்டாம்னு தான் சொல்லுவேன். புஷ் அடிக்கவும் டயோடு மாத்தவும் பெஞ்ச்ல ஓட்டிப் பாக்கவும் நல்ல ஆட்டோ எலக்ட்ரிகல் கடை இருக்கு, நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போங்க, நீங்களே மாட்டிக்கோங்க.

எஃப்சிக்கு கொண்டு போறதா இருந்தா (15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ ஆர்சி புதுப்பிக்கணும்) ஹெட்லைட் ஃபோகஸ் சுவர்ல அடிச்சு சரி பண்ணிட்டு, ஹாரன், வைப்பர், ரெண்டு பக்க இண்டிகேட்டர், பிரேக், நம்பர் பிளேட் லைட் எல்லாம் முந்தின நாளே பாத்துடுங்க. முதல் மாசம் ஓட்டினதுக்கு அப்புறம் எர்த் போல்ட்டுங்க, பேட்டரி டெர்மினல், ஆல்டர்னேட்டர் நட்டு மூணையும் ஒருதடவ திரும்ப டைட் பண்ணுங்க, புது லக் உக்காரும்போது கொஞ்சம் தளரும். சார்ட் பேப்பர்ல வரைஞ்சத சுத்தமா ஒரு தாள்ல எடுத்து, வயர் நிறமும் ஃபியூஸ் எண்ணும் எழுதி, லேமினேட் பண்ணி ஃபியூஸ் பாக்ஸ் மூடி உள்பக்கம் ஒட்டிடுங்க. அதுக்கப்புறம் வண்டியில ஒரு ஹாரன் வயர் மாத்தினாலும் அந்த தாள்லயும் மாத்திடுங்க.